பீரோ மேல் தூங்கும் லேப்டாப்

புதிதாக லேப்டாப் வாங்க வேண்டும், எந்த மாடல் நல்லது என்று யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வீட்டில் பழைய கவர்ன்மென்ட் லேப்டாப் ஏதாவது இருக்கிறதா? எங்கள் திருவொற்றியூர் பக்கம் வழக்கமாக வரும் பதில்: "இருக்குது, பீரோ மேல கெடக்குது. ஆனா ஓடாது."

ஓடாது என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, பவர் பட்டனை அழுத்தினால் திரையில் எதுவும் வருவதில்லை. மற்றொன்று, ஆன் ஆகிறது. ஆனால் டெஸ்க்டாப் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான். இந்த வகை என்றால் அந்த லேப்டாப்பிடம் இன்னும் சில வருட வேலை பாக்கி இருக்கிறது என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து கொடுத்தது. அடுத்த எட்டு, ஒன்பது ஆண்டுகளில் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஏறத்தாழ 50 லட்சம் லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. மூடியில் கோபுர முத்திரையோடு இருக்கும் அந்த மெஷின்தான் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். வாங்கிய மாணவர்கள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள், கல்யாணமும் ஆகிவிட்டது. லேப்டாப் மட்டும் பீரோ மேலேயே தங்கிவிட்டது.

சென்ற ஆண்டு எங்கள் கீழ் வீட்டு மாமா ஒரு நாள் மாடி ஏறி வந்தார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். பெண் அப்போதுதான் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் சேர்ந்திருந்தாள். அசைன்மென்ட் எல்லாம் செல்போனிலேயே டைப் அடித்துக் கண் வலிக்கிறது என்கிறாளாம். 38 ஆயிரம் ரூபாய் லேப்டாப் ஒன்றை மாதத் தவணையில் பார்த்து வைத்திருப்பதாகவும், முன்பணம் கட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வந்ததாகவும் சொன்னார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். இருந்தது. மூத்த பையனுக்கு 2012-ல் பிளஸ் டூ படிக்கும்போது கொடுத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்.

"அதை வச்சு என்னப்பா பண்றது, அது ஆமை மாதிரி" என்றார் மாமா.

ஏன் ஆமை?

கம்ப்யூட்டர் பழசானால் அதன் மூளை மெதுவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிராசசர் 2012-ல் எவ்வளவு வேகமோ இன்றும் அவ்வளவு வேகம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாமாவுக்குப் புரிகிற மாதிரி இப்படிச் சொன்னேன். துறைமுகத்துக்குள் கிரேன் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்று, ஜீரோ கேட்டில் ஒவ்வொன்றாகத்தான் உள்ளே போக முடியும் என்றால் கிரேன் சும்மாதானே நிற்கும்? லேப்டாப்பில் கிரேன்தான் பிராசசர். கேட்டில் நிற்கும் வரிசைதான் ஹார்ட் டிஸ்க்.

பழைய ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒரு சிறிய கை அதன் மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கிறது. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சிறு பைல்களை இப்படித் தேடி எடுக்க வேண்டும். இதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற டிரைவைப் போட்டால் அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. எல்லாம் பென் டிரைவ் போல சிப்கள்தான். தேடும் நேரம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது எஸ்.எஸ்.டி.யாகத்தான் இருக்க வேண்டும். ராம் இரண்டாவது. புது பேட்டரி, புது கீபோர்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் ராமைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அந்த எடிஷனில் டெஸ்க்டாப் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது, ஞாபகம் இருக்கிறதா? அதாவது விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு ராம் மட்டும் கூட்டினால் காசு வீண்.

அதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. மைக்ரோசாப்ட் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. கூகுள் குரோம் 2023-ல் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. ஆகவே அந்த மெஷினில் பேங்க் கணக்கைத் திறப்பது, வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது போலத்தான். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயது மெஷின்களை முறைப்படி ஏற்றுக்கொள்வதில்லை. சில கடைகளில் சில நூறு ரூபாய்க்கு ஏதோ ஒரு விண்டோஸை ஏற்றித் தருவதாகச் சொல்வார்கள். அந்த கிராக் பைலுக்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. வேண்டவே வேண்டாம். நமக்கு லினக்ஸ் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் போட்டோக்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அக்காவுக்கும் இதே திட்டத்தில் லேப்டாப் கிடைத்தது. நான் கல்லூரியில் படிக்கும்போது அது மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தோம். மறுநாள் சுத்தமாக பார்மட் செய்து, புதுசு போலத் திருப்பித் தந்தார்கள். உள்ளே எங்கள் தாத்தாவின் கடைசி பிறந்தநாள் போட்டோக்கள் இருந்தன. வேறு காப்பி எதுவும் இல்லை. கடைக்காரர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அம்மா இன்றும் அதைப் பற்றிப் பேசினால் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

எஸ்.எஸ்.டி. வாங்குவதில் இன்னொரு நன்மை இங்கேதான். பழைய ஹார்ட் டிஸ்க்கை நீங்கள் அழிக்கவே தேவையில்லை. கழற்றி எடுத்து, கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டால் அதுவே வெளியில் இணைக்கும் டிரைவ் ஆகிவிடும். அதிலுள்ள பைல்களை நிதானமாக வேறிடத்தில் காப்பி செய்திடலாம். பன்னிரண்டு வயது டிஸ்க் எந்த நாளும் நின்றுபோகலாம் என்பதால் அதையே ஒரே காப்பியாக நம்பி வைத்துவிடாதீர்கள்.

கடல் காற்றும் பென்சில் ரப்பரும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். நம் வீடுகளில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பு எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். லேப்டாப்புக்கும் அதே கதிதான். உப்புக் காற்றால் ராம் கார்டின் தங்க நிறப் பற்களில் மெல்லிய படலம் படிகிறது. லேப்டாப்பை ஆன் செய்தால் லைட் எரியும், மின்விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். மதர்போர்டு போய்விட்டது என்று பயந்து பரண் மேல் போட்டுவிடுகிறோம். நான் ஆரம்பத்தில் சொன்ன முதல் வகை லேப்டாப்களில்கூடச் சில இப்படிப் பிழைத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இதுதான். அடாப்டரை எடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். பவர் பட்டனை 15 நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். லேப்டாப்பைக் கவிழ்த்தால், பழைய மாடல்களில் பெரும்பாலும் அடியில் ஒரு சிறு கதவு இரண்டு, மூன்று ஸ்குருக்களோடு இருக்கும். அதன் உள்ளேதான் ராமும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. ராம் கார்டின் இரு பக்கமும் இருக்கும் கிளிப்களை வெளிப்புறமாக விலக்கினால் கார்டு தானாகச் சாய்வாக எழும்பும். பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள்களை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். திரும்பச் சாய்வாகச் செருகி, கிளிப் டக்கென்று பிடிக்கும் வரை கீழே அழுத்துங்கள். தண்ணீர், வினிகர், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

அப்படியே மின்விசிறியையும் பாருங்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. லாரிப் புழுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாமா வீட்டு லேப்டாப்பின் காற்று வழியில் கம்பளித் துண்டு போல தூசி அடைத்துக் கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் எடுத்தோம். பிரஷ் போடும்போது மின்விசிறியின் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விடாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பகுதி வீடுகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. அந்த மாதிரித் தண்ணீரில் மூழ்கிய லேப்டாப் இருந்தால் ஆன் செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கையும் வேறு எதிலும் இணைத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே முக்கியமான தகவல் இருந்தால் டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் அப்படியே கொடுப்பது ஒன்றுதான் வழி.

பேட்டரி விஷயத்தில் விளையாட்டே கூடாது. அடிப்பாகமோ டச் பேடோ மேலே புடைத்துத் தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், பழைய இரும்புக் கடையிலும் போடாதீர்கள், தீப்பிடிக்கும். பேட்டரி வெறுமனே சார்ஜ் நிற்காமல் போயிருந்தால், கழற்றக்கூடிய மாடலில் அதை எடுத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டலாம். கரண்ட் போனால் மெஷினும் நின்றுவிடும், அவ்வளவுதான்.

ஆன் செய்தவுடன் தேதியையும் பாருங்கள். பல வருடம் தூங்கிய லேப்டாப் தன்னை இன்னும் 2010-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். அப்போது எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று பிரவுசர் முரண்டு பிடிக்கும். இன்டர்நெட் கோளாறு என்று நினைத்துப் பலர் அலைவார்கள். மதர்போர்டில் காசு போல இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். மாற்றினால் சரியாகிவிடும்.

ரிச்சி தெருவில்

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். வாங்கும்போது மூன்று விஷயம். எஸ்.எஸ்.டி. 2.5 இன்ச் சாட்டா வகையாக இருக்க வேண்டும். கம் ஸ்டிக்கர் போல நீளமாக இருக்கும் எம்.2 வகை இந்த மாடல்களில் பொருந்தாது. 240 அல்லது 256 ஜிபி தாராளம். ராமுக்கு, பழைய கார்டையே கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்தக் கால மெஷின்களுக்கு லேப்டாப் டிடிஆர்3 வகை வேண்டும். லேபிளில் பிசி3எல் என்று இருந்தால் அது குறைந்த மின்னழுத்த ரகம், பெரும்பாலும் இரண்டு வகை மெஷினிலும் ஓடும். பழைய ராம் வாங்கினால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு எஸ்.எஸ்.டி. 1,700 ரூபாய், பயன்படுத்திய 4 ஜிபி ராம் 600, ஹார்ட் டிஸ்க் கேஸ் 250, காசு பேட்டரி 30. மொத்தம் 2,580. மெமரி விலை தக்காளி விலை மாதிரி ஏறி இறங்கும் என்பதால் நீங்கள் போகும் நாளில் இரண்டு மூன்று கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் என்றால் பயம் வேண்டாம்

உண்மையில் இந்த லேப்டாப்பில் லினக்ஸ் புதிதல்ல. மாமா பையனின் மெஷினில் ஆன் செய்தவுடன் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று ஒரு கேள்வி வரும். எல்லோரும் விண்டோஸையே தட்டிவிட்டுப் போய்விடுவோம். அந்த பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவானது. நான் இப்போது புதியவர்களுக்குப் போட்டுத் தருவது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எப்சிஇ என்ற எளிய பதிப்பு. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் 7 பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது. 2 ஜிபி ராமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. மெஷினில் இருந்த விண்டோஸ் 32 பிட் என்றாலும் அதன் பென்டியம் சிப் 64 பிட் வகை, ஆகவே தடையில்லை.

மின்ட் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. பைலை டவுண்லோட் செய்திடுங்கள். சுமார் 3 ஜிபி இருக்கும். வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ரூபஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் அதை 8 ஜிபி பென் டிரைவில் எழுத வேண்டும். சும்மா காப்பி செய்து ஒட்டினால் வேலை செய்யாது. பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பின்னர் பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எப்12 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். எச்பி என்றால் எப்9. ஏசர் மாடல்களில் முதலில் எப்2 தட்டி பயாஸுக்குள் போய், எப்12 மெனுவை இயக்கி வைக்க வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டவும்.

இப்போது எதையும் இன்ஸ்டால் செய்யாமலேயே மின்ட் பென் டிரைவிலிருந்து ஓடும். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வசதி. வைபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா எல்லாம் சோதித்துப் பாருங்கள். வைபை தெரியவில்லை என்றால் செல்போனை யு.எஸ்.பி. வயரில் இணைத்து டெதரிங் கொடுங்கள். இன்டர்நெட் வந்ததும் டிரைவர் மேனேஜர் தேவையான டிரைவரைத் தேடித் தரும். விண்டோஸ் ஆன் ஆகாத மெஷினிலிருந்து போட்டோக்களை எடுக்கவும் இதே வழிதான்.

திருப்தி என்றால் டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானில் டபுள் கிளிக் செய்திடுங்கள். டிஸ்க்கை முழுதாக அழிக்கவா என்று கேட்கும் இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள். உள்ளே இருப்பது புது எஸ்.எஸ்.டி. என்றால் மட்டும் சரி சொல்லுங்கள். பழைய டிஸ்க்கோடு செய்கிறீர்கள் என்றால், தாத்தா போட்டோவை எடுத்தாகிவிட்டதா?

தமிழில் டைப் செய்ய ஐபஸ் எம்17என் என்ற பேக்கேஜை சாப்ட்வேர் மேனேஜரில் தேடி நிறுவினால் தமிழ் 99 கீபோர்டு கிடைக்கும். அசைன்மென்டுக்கு லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது. காலேஜுக்கு அனுப்பும்போது பைலை பி.டி.எப். ஆக மாற்றி அனுப்புங்கள், எந்த மெஷினிலும் வரிகள் கலையாது.

யாருக்கு இது சரிவராது?

இதை மறைக்கக் கூடாது. மாமாவின் பெண் பி.காம். சேர்ந்து டாலி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தால் நான் வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன். டாலி விண்டோஸுக்கானது. ஆட்டோகேட், போட்டோஷாப் தேவைப்படுபவர்களுக்கும், வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் இந்த மெஷின் போதாது. அதனால்தான் முதலில் என்ன வேலை என்று கேட்டுவிட்டுப் பிறகு செலவைப் பற்றிப் பேச வேண்டும். திரையும் உடைந்து, கீலும் உடைந்து, மதர்போர்டும் சந்தேகம் என்றால் செலவு செய்யாதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பார்க்கலாம். அதிலும் விண்டோஸ் 11 வேண்டும் என்றால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாமல் பாருங்கள்.

மாமா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க இந்த வேலை நடந்தது. முன்பு டெஸ்க்டாப் வர ஆறு நிமிடம் ஆன மெஷின், அன்று மாலை அரை நிமிடத்துக்குள் வந்தது. மாமா நம்பாமல் மூன்று முறை ஆப் செய்து ஆன் செய்து பார்த்தார். பழைய டிஸ்க்கைக் கேஸில் போட்டு இணைத்தபோது, மூத்த பையன் ஸ்கூல் யூனிபார்மில் நிற்கும் போட்டோக்கள் வரிசையாக வந்தன. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

தவணைக்கு எடுத்து வைத்த முன்பணம் அந்தப் பெண்ணின் செமஸ்டர் கட்டணத்துக்குப் போனது. அவள் இப்போது அதிலேயே அசைன்மென்ட் செய்கிறாள், டி.என்.பி.எஸ்.சி. பழைய கேள்வித்தாள்களை இறக்கிப் படிக்கிறாள். ஒரே குறை பேட்டரி. டூப்ளிகேட் வேண்டாம் என்று நான் சொல்லி வைத்திருப்பதால், நல்லது கிடைக்கும் வரை அடாப்டரோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் கரண்ட் போய் இரண்டு பக்கம் டைப் அடித்தது போய்விட்டது என்று மாடிக்கு வந்து சண்டை போட்டாள். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் அண்ட் சேவ், ஜெனரல் என்று போய் ஆட்டோ ரெகவரி நேரத்தை இரண்டு நிமிடமாக மாற்றிக் கொடுத்தேன். நீங்களும் இன்றே மாற்றிவிடுங்கள்.